வாத்தியாருக்குப் புது மிஷின்

பிப்ரவரி 3, திங்கள்

கீழ் வீட்டு வக்கீல் காலையில் படியேறி வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "மேடம், தப்பா நினைக்காதீங்க. மாடியில மாவு மில்லு எதுவும் ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் வக்கீல்கள் சிரிப்பது வழக்கம்.

மாவு மில் இல்லை, கம்ப்யூட்டர். மகன் கல்லூரியில் படித்தபோது விளையாடுவதற்காகப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கறுப்புப் பெட்டி. வேலை கிடைத்து ஊர் மாறியபோது பழைய சட்டைகளோடு அதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனான். சட்டைகள் தரை துடைக்கப் போயின. பெட்டி என் மேஜைக்கு வந்தது. முதலில் பென்ஷன் ஆபீஸுக்குக் கடிதம் டைப் செய்தேன். பிறகு ஒருநாள் அதற்குள் கிடந்த விளையாட்டுகளில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். சும்மாதான், அலமாரியைத் திறந்து பார்ப்பதுபோல. அதன் பலன், இன்றைக்கு நான் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் வழிகாட்டி.

பெட்டிக்கு வயதாகிவிட்டது. கப்பல் ஆழத்தில் இறங்கினால் உள்ளே இருக்கும் விசிறிகள் எல்லாம் சேர்ந்து அலறுகின்றன. அறை அடுப்படிபோலக் காய்கிறது. இன்று பயணத்தின் நடுவே, எதிரிக் கப்பல் தலைக்கு மேலே வந்த நேரத்தில், பெட்டி தானாக அணைந்துவிட்டது. நான் இல்லாமல் என் ஆட்கள் பாறையில் மோதி மூழ்கினார்கள்.

முடிவு செய்துவிட்டேன். வேறு மிஷின் வேண்டும். சத்தம் போடக் கூடாது, நெடுநாள் உழைக்கவும் வேண்டும். மனிதர்களில் இந்த இரண்டும் சேர்ந்து நான் பார்த்ததில்லை. மிஷினிலாவது கிடைக்கிறதா பார்ப்போம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று மூழ்கியதற்கு இன்று விசாரணை.

எங்கள் கப்பலில் நான்கு பேர். இன்டர்நெட் வழியாகச் சேர்ந்து ஆடுகிறோம். மற்ற மூன்று பேரை நான் பார்த்ததில்லை, குரல் மட்டும் தெரியும். சுக்கான் பிடிப்பவன் கொசு. பாங்கில் வேலை. காதோரம் நொய்யென்று பேசிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். எஞ்சினைப் பார்த்துக்கொள்பவள் நிஜத்திலும் நர்ஸ். குண்டு வீசுபவர் கட்டட மேஸ்திரி. நான்காவது, வரைபடம் போட்டு வழி சொல்லும் வாத்தியார். அது நான்.

அந்தப் பெயர் வந்த கதை இதுதான். மற்றவர்கள் மைக்கில் பேசுவார்கள். நான் டைப் செய்வேன். சேர்ந்த புதிதில் ஒருமுறை பேசப் பார்த்தேன். விசிறி இரைச்சலில் என் குரலே அவர்களுக்குக் கேட்கவில்லை. "யாருப்பா அது, ஹெலிகாப்டர்ல தொங்கிட்டே பேசுறது?" என்றான் கொசு. அன்றோடு மைக்கைக் கழற்றி டிராயரில் வைத்தேன். சில சமயம் நர்ஸும் எழுதுவாள், கொசுவும் எழுதுவான். "ஆளம் எவ்ளோ?" என்று ஒருமுறை எழுதினான். குண்டு நெருங்கி வந்துகொண்டிருந்தது. "'ஆளம்' அல்ல, 'ஆழம்'. நாற்பது மீட்டர்." என்று பதில் எழுதினேன், முற்றுப்புள்ளியோடு. நான் படித்த கான்வென்டில் சிஸ்டர்கள் முற்றுப்புள்ளி இல்லாத வாக்கியத்தை வாசிக்கவே மாட்டார்கள். அன்றிலிருந்து வாத்தியார்.

இன்று கொசு, "யோவ் வாத்தியாரே, நேத்து எங்கய்யா ஓடிப்போன? கரண்ட்டு பில்லு கட்டலையா?" என்றான். மேஸ்திரி, "பெருசு தூங்கிருச்சுடா" என்றார்.

ஆம், 'யோவ்', 'பெருசு'. யாரோ ரிட்டயர் ஆன தமிழாசிரியர் என்று முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். நான் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சிஸ்டர்கள் இதற்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள், அது வேறு விஷயம்.

பிப்ரவரி 8, சனி

கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"யாருக்கு மேடம்? பேரப்பிள்ளைக்கா?"

"எனக்கு."

"ஓ. வீடியோ கால், மெயில், அந்த மாதிரியா?"

"நீர்மூழ்கிக் கப்பல்."

கடைக்காரர் மரியாதை தெரிந்தவர். சிரிக்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பக்கவாட்டில் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே ஏழு நிறத்தில் விளக்குகள் சுற்றிச் சுற்றி எரிந்தன.

"இது கம்ப்யூட்டரா, பொருட்காட்சியா?" என்றேன்.

"இப்போ எல்லாரும் இதான் கேக்குறாங்க மேடம். மூணு வருஷத்துக்கு அசைச்சுக்க முடியாது."

"எனக்குப் பத்து வருஷம் வேணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலைமுடியைப் பார்த்தார். பிறகு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். அவர் மனதுக்குள் போட்ட கணக்கை நானும் போட்டுத்தான் வந்திருக்கிறேன். எழுபத்திரண்டும் பத்தும் எண்பத்திரண்டு. என் பெரியம்மா அந்த வயதில் சமையற்காரியை வேலையிலிருந்து நீக்கிவிட்டுத் தானே சமைக்க ஆரம்பித்தார்.

"பத்து வருஷம்" என்று மறுபடியும் சொன்னேன். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மகன் பேசினான்.

"உனக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய மிஷின்? சின்னதா ஒரு லேப்டாப் வாங்கிக்கோ. மடியிலே வெச்சுக்கலாம்."

"மடியில வெச்சா சுடும். கெட்டுப்போனா பிரிச்சு மாத்தவும் முடியாது. பிரிச்சு மாத்த முடியாத எதையும் நான் வாங்கினதில்லை, உங்க அப்பாவைத் தவிர."

சிரித்தான். "சரி, எத்தனை வருஷத்துக்குப் பார்க்கற?"

"பத்து."

"பத்தா…" என்று இழுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். பிறகு அவசரமாக, "அங்கே வெயில் எப்படிம்மா இருக்கு?" என்றான்.

என் பிள்ளை. நல்லவன். அவனுக்கும் அந்தக் கூட்டல் வருகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

நான்கு நாட்களாகப் படித்ததில் எனக்கு விளங்கியது இது. விசிறியை மாற்றினால் சத்தம் போகாது. சூடு இருந்தால் விசிறி ஓடித்தான் ஆக வேண்டும். ஆகவே சூட்டைக் குறைக்க வேண்டும். கடைக்காரர் சொன்ன பெரிய சிப் வேண்டாம். அதற்கு ஒரு படி கீழே இருப்பது பாதி மின்சாரத்தில் என் கப்பலை நிம்மதியாக ஓட்டும். படம் காட்டும் கார்டும் அப்படியே. மின்சாரம் கொடுக்கும் டப்பா மட்டும் தேவைக்கு மேலே பெரியதாக இருக்கட்டும். பாதிச் சுமையில் ஓடினால் அதன் விசிறி பாதி நேரம் தூங்கும், தயாரிப்பாளர் பத்து வருட உத்தரவாதமும் தருகிறார். அந்த மனிதருக்காவது பத்தைச் சொல்லும்போது தொண்டை அடைக்கவில்லை.

சுழலும் டிஸ்க் வேண்டவே வேண்டாம். மெமரிக்கு நான்கு இடம் இருக்கும் பலகை, இரண்டு மட்டும் நிரப்புவது. மீதி இரண்டு பின்னால் வரும் வருடங்களுக்கு. பெட்டி அகலமாக, காற்று தாராளமாக நுழையும்படி, பெரிய விசிறிகளோடு. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும், சின்னதுதான் கத்தும். ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் மானேஜர்களுக்குச் செயலாளராக இருந்தவளுக்கு இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

புது மிஷின் வாங்கப்போவதைக் கப்பலில் எழுதினேன். பெருமைக்குத்தான் எழுதினேன்.

"சத்தமே வராதா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"வராது." என்று எழுதினேன்.

"அப்போ இனிமே டைப்படிக்கிற வேலையே வேணாம்" என்றான் கொசு. "வாயத் திறந்து பேசணும் வாத்தியாரே. இனி ஹெலிகாப்டர் கதையெல்லாம் செல்லாது, சொல்லிட்டேன்."

"பெருசோட குரலு எப்படி இருக்கும்?" என்றார் மேஸ்திரி. "கட்டை குரலா இருக்கும்னு நினைக்கிறேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்?

இந்த இரைச்சல்தானே இத்தனை நாள் எனக்குத் திரையாக இருந்தது. நான் யார், ஆணா பெண்ணா, எத்தனை வயது — எதுவும் தெரியாமல் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உலகத்திலேயே இந்த மூன்று பேர்தான். மற்ற எல்லோரும் என்னைக் கண்டால் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். அந்தத் திரையைக் கழற்றத்தான் நாலு நாளாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு திட்டம் போட்டிருக்கிறேன்.

கொஞ்சம் இரைச்சல் உள்ளதாகக் கிடைக்குமா என்று இனிமேல் கடைக்காரரிடம் போய்க் கேட்க முடியுமா?

பிப்ரவரி 15, சனி

கேட்க முடியாது. ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

வந்துவிட்டது. கடைக்காரரே கொண்டுவந்து மேஜைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவர் போனபின் ஸ்விட்சைப் போட்டேன். ஓடவில்லை. கடைக்குப் போன் செய்து, "உங்கள் மிஷின் ஓடவில்லை" என்றேன்.

"ஸ்கிரீன்ல படம் வருதா மேடம்?"

"வருது."

"அப்போ ஓடுது மேடம்."

குனிந்து காதை வைத்துப் பார்த்தேன். பெட்டியின் மேலே கை வைத்தால் ஒரு சன்னமான காற்று. அவ்வளவுதான். கப்பலை ஆழத்தில் இறக்கிப் பார்த்தேன். அப்போதும் அவ்வளவுதான். கீழ் வீட்டில் வக்கீல் யாரையோ குறுக்கு விசாரணை செய்வது கேட்டது. அவர் மனைவியாக இருக்க வேண்டும்.

அழகான மிஷின். ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அதுதான் குறை.

பிப்ரவரி 27, வியாழன்

"மைக் இன்னும் வாங்கவில்லை." என்று எழுதினேன். மைக் டிராயரில் இருக்கிறது. இது நேரான பொய்.

மார்ச் 2, ஞாயிறு

நடந்தது பெரிய குளறுபடி. ஒழுங்காக எழுத வேண்டும்.

மாலையில் பேசிவிடுவது என்று தீர்மானித்தேன். மைக்கை மாட்டினேன். கப்பலில் மூன்று பேரும் இருந்தார்கள். "ஹலோ, நான் பேசறது கேக்குதா?" என்றேன்.

 கொசு, அவனிடம் நான் கேட்டறியாத ஒரு பவ்வியமான குரலில், "வணக்கம்மா. சார் இல்லீங்களா?" என்றான்.

வீட்டுக்கு வரும் போன்களில் ஆறு வருடமாக நான் கேட்கும் கேள்வி அது. பாங்கிலிருந்து, இன்ஷூரன்ஸிலிருந்து, என் வீட்டுக்காரரின் பழைய சிநேகிதர்களிடமிருந்து. வாய் பழகிப்போயிருக்கிறது. யோசிக்கும் முன்பே, அந்தப் பழைய குரலிலேயே, "அவர் இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.

கொசு சுக்கானை விட்டுவிட்டான், கப்பல் தானாக ஒரு வட்டம் அடித்தது.

"ஹார்ட்டாம்மா?" என்றாள் நர்ஸ், மெதுவாக.

"ஆமாம்."

"தூக்கத்துலயா?"

"ஆமாம். கஷ்டப்படலை." எல்லாம் உண்மைதான். என் வீட்டுக்காரர் அப்படித்தான் போனார்.

அப்போதுதான் மேஸ்திரி, உடைந்த குரலில், "வியாழக்கிழமைகூட என்னைத் திட்டினாரேம்மா" என்றார்.

அட கடவுளே. இவங்க என் புருஷனைப் பத்திக் கேக்கலையே. என்னைப் பத்தில்ல கேட்டுட்டு இருக்காங்க. நான் என்ன சொல்லித் தொலைச்சேன்?

"அது வந்து… இல்லைங்க…" என்று திக்கினேன். அழுகிறேன் என்று நினைத்து, "அழாதீங்கம்மா" என்று கொசு அழ ஆரம்பித்தான். பத்து வருடம் உழைக்க வேண்டிய மிஷினின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

எனக்கு இரங்கல் செய்திகள் வந்திருக்கின்றன.

கொசு: "ஆள்ந்த இறங்கல்." நீர்மூழ்கிக் கப்பல்காரனுக்குப் பொருத்தமான பிழைதான், ஆழத்துக்கே இறக்கிவிட்டான். ஆனால் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறான். கொசு தன் வாழ்நாளில் வைத்த முதல் முற்றுப்புள்ளி.

மேஸ்திரி எழுதத் தெரியாமல் எழுதியிருக்கிறார்: "அவர் மேப்பு போட்டா நாங்க கண்ண மூடிட்டு போவோம். பொல்லாத ஆளு. ஆனா கெட்டிக்கார ஆளு."

நர்ஸ்: "டியூட்டி முடிஞ்சு மனசு சரியில்லாம வருவேன். அவர் என் எழுத்துப் பிழையத் திருத்துவார். சரியாயிடும்."

இரண்டு முறை படித்தேன். பரவாயில்லை, நல்ல மனிதராகத்தான் இருந்திருக்கிறேன்.

நான் நிஜமாகவே போகும்போது என்ன எழுதுவார்கள் என்று தெரியும். அன்பான தாயார், குணமான மனைவி, யாரையும் கடிந்து பேசாதவர். எல்லாம் பொய்யாக இருக்கும். 'பொல்லாத, கெட்டிக்கார ஆள்' என்று எவனும் எழுதப்போவதில்லை. அப்படி எழுதியவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. தெரிந்தால் அழித்துவிட்டு 'அம்மா' என்று எழுதுவார்களோ?

பேசாமல் செத்தவராகவே இருந்துவிடலாமா? கௌரவமாக இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

வக்கீல் படியில் பார்த்து, "ரொம்ப நன்றி மேடம், மில்லை மூடினதுக்கு" என்றார். வேறு செய்தி இல்லை. கப்பல் பக்கம் போகவில்லை.

மார்ச் 5, புதன்

கொசுவிடமிருந்து இன்னொரு செய்தி.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. சார் அந்த மிஷினை பாத்துப் பாத்து வாங்கினாரு. பாவம், ஒரு வாரம்கூட அனுபவிக்கல. உங்களுக்கு அது எதுக்கும்மா, இடத்த அடைச்சுக்கிட்டு. விக்கணும்னா சொல்லுங்க, நல்ல விலைக்கு வித்துத் தரேன். நீங்க ஒரு சின்ன லேப்டாப் வாங்கிக்கலாம்."

லேப்டாப்.

மார்ச் 5, மாலை

ஒரே நாளில் இரண்டு முறை எழுதுவது என் வழக்கமில்லை.

மைக்கை மாட்டினேன். மூன்று பேரும் இருந்தார்கள். யாரும் ஆடவில்லை, சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். என் குரல் கேட்டதும் "அம்மா" என்றார்கள், ஒரே குரலில்.

"கொசு, மிஷின் விக்கறதுக்கில்லை. அது என்னுடையது. ஒவ்வொரு விசிறியும் நான் தேர்ந்தெடுத்தது. இன்னும் பத்து வருஷத்துக்கு நான்தான் ஓட்டப்போறேன்."

"சரிம்மா, சார் ஞாபகமா வெச்சுக்குங்க—"

"சாரும் இல்லை மோரும் இல்லை. 'ஆழ்ந்த'வுக்கு ழகரம். 'இரங்கல்'ல சின்ன ர. வல்லின ற போட்டா படியிலேர்ந்து இறங்கறது. எத்தனை தடவை சொல்றது உனக்கு? மேஸ்திரி, வியாழக்கிழமை நான் திட்டினது நியாயம்தான். குண்டைச் சொந்தக் கப்பல் மேலே போட்டா கொஞ்சுவாங்களா?"

 என் மிஷினில் துளிச் சத்தம் இல்லை. யாரோ தொண்டையைச் செருமியது தெளிவாகக் கேட்டது.

"வாத்தியாரே…?" என்றான் கொசு, பேயைப் பார்த்தவன்போல.

"உயிரோடதான் இருக்கேன். என் வீட்டுக்காரர்தான் இல்லை, அதுவும் ஆறு வருஷமா. நீ கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்."

முதலில் சிரித்தது நர்ஸ். பிறகு மேஸ்திரி. "அடப்பாவி, அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல" என்றார். சொல்லிவிட்டு உடனே, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பயந்ததுதான் நடக்கிறது. நான் எது சொன்னாலும் "சரிங்கம்மா" என்கிறார்கள். இன்று வேண்டுமென்றே ஒரு முட்டாள்தனமான வழியைச் சொன்னேன். "நீங்க சொன்னா சரியாத்தான்மா இருக்கும்" என்று கொசு நேராகக் கண்ணிவெடிக்குள் ஓட்டினான். சுக்குநூறாகப் போனோம். "பரவால்லம்மா, நல்ல முயற்சி" என்றார் மேஸ்திரி.

நல்ல முயற்சியாம். செத்தபோதுகூட என்னைப் பொல்லாத ஆள் என்றார்கள். உயிரோடு வந்ததும் உட்காரவைத்துவிட்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

நர்ஸ் மட்டும் இருந்தாள். கேட்டேவிட்டேன். ஏன் யாரும் சண்டை போடுவதில்லை?

"வாயில வரலைம்மா அவங்களுக்கு. உங்க குரலைக் கேட்டா அவங்கவங்க அம்மா ஞாபகம் வருது. கொசு நேத்து சொன்னான், உங்களை 'யோவ்'னு கூப்பிட்டதெல்லாம் நெனச்சா கூசுதுன்னு."

"எனக்கு ஒரு பிள்ளை இருக்கான். அவனே போதும். எனக்கு வேண்டியது ஒரு சுக்கான்காரன்."

"மறுபடியும் டைப்படிச்சுப் பாருங்களேன்."

இதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அது தோற்றுப்போவது. இவ்வளவு அமைதியான மிஷினை வாங்கிவைத்துக்கொண்டு இனிமேல் ஊமையாக இருப்பதா?

"முடியாது" என்றேன். "பழகிக்கட்டும்."

மார்ச் 16, ஞாயிறு

"சரிங்கம்மா." "ஆகட்டும்மா." "தண்ணி குடிச்சீங்களாம்மா?"

மார்ச் 23, ஞாயிறு

ஆடவில்லை. மகன் பேசினான். மிஷின் எப்படி இருக்கிறது என்றான். மிஷின் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெரிய பயணம். மூன்று வாரமாக இந்த ஜலசந்திக்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தோம். மேலே எதிரிக் கப்பல்கள், எங்கள் எஞ்சின் அரைவேகத்தில். வழி முழுக்க என் பொறுப்பு.

இடது பக்கம் திரும்பும் கால்வாயை நான் ஒரு கட்டம் தள்ளிக் குறித்துவிட்டேன். வேண்டுமென்று அல்ல. கவனக்குறைவு. கப்பலின் மூக்கு போய் மலையில் செருகிக்கொண்டது. தண்ணீர் உள்ளே வந்தது, நர்ஸ் எஞ்சினோடு போராடினாள், மேலே குண்டுகள் விழ ஆரம்பித்தன.

"யோவ்! கண்ணு தெரியலையா உனக்கு? அது கால்வாயாய்யா? மலைய்யா அது, மலை! மூணு வாரமா உக்காந்து என்னத்த மேப்பு போட்ட? எங்க கூட்டிட்டு வந்து சொருகி வெச்சிருக்க பாரு—"

கொசு நிறுத்திக்கொண்டான்.  கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, சாரிம்மா, ஏதோ வேகத்துல—"

"கொசு."

"அம்மா."

"முடிச்சுட்டியா?"

"…இல்ல."

"அப்போ மேலே சொல்லு."

சொன்னான். முதலில் தயங்கி, பிறகு பாதை கண்டுபிடித்து, ஒரு மாதத்துப் பாக்கியையும் சேர்த்துச் சொன்னான். நடுவில் மேஸ்திரியும் புகுந்து, "எனக்கு அப்பவே தெரியும், பெருசு கண்ணாடிய மாத்தணும்" என்றார். அது அக்கிரமம். கண்ணாடி ஜனவரியில்தான் மாற்றினேன். அதை அவரிடம் திருப்பிச் சொன்னேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நர்ஸ் இரண்டு பேரையும் வாயை மூடச் சொன்னாள், நாங்கள் கடலின் அடியைத் தொட்டு உடையும்வரை சண்டை ஓயவில்லை.

மிஷின் பக்கத்திலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. அவர்கள் என்னைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாகக் கேட்டது.